லினக்ஸில் வைஃபை மக்கர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் பழைய மடிக்கணினிகளுக்கு லினக்ஸ் ஏற்றித் தரும் சிறிய கடை என்னுடையது. கணினியை வாங்கிப் போனவர்கள் மறுவாரம் அம்பாசமுத்திரத்திலிருந்தோ நாங்குநேரியிலிருந்தோ திசையன்விளையிலிருந்தோ அழைப்பார்கள். மழை உண்டா, ஆற்றில் தண்ணீர் எப்படி என்றெல்லாம் விசாரித்துவிட்டு மெதுவாக விஷயத்துக்கு வருவார்கள்: "அண்ணாச்சி, எல்லாம் சரியாக இருக்கிறது, வைஃபைதான் வரவில்லை." அந்த அழைப்புகளில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். உபுண்டு, லினக்ஸ் மின்ட், டெபியன், ஃபெடோரா நான்கின் மேசைப் பதிப்புகளிலும் வைஃபையைக் கவனித்துக்கொள்வது நெட்வொர்க் மேனேஜர் என்ற மென்பொருள். ஆகையால் பதில்கள் பெரும்பாலும் நான்குக்கும் பொருந்தும்.

கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறீர்களே, எப்படித் தட்டுவது?

தொலைபேசியில் நான் வாசித்துச் சொல்வதை அப்படியே எழுதியிருக்கிறேன். "என்எம்சிஎல்ஐ" என்றால் ஐந்து ஆங்கில எழுத்துகள், எல்லாம் சிறியவை, சேர்த்துத் தட்ட வேண்டும். "ஆர்எஃப்கில்" என்றால் ஆர், எஃப், அதன்பின் கொல்லுதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ஓர் இடைவெளி. முன்னால் "சூடோ" இருந்தால் அது எஸ், யு, டி, ஓ. உங்கள் கடவுச்சொல்லைக் கேட்கும். தட்டும்போது திரையில் ஒன்றும் தெரியாது, பயப்பட வேண்டாம்.

இப்படி எழுதியிருப்பதால் நகலெடுத்து ஒட்ட முடியாது. எனக்கு அதில் வருத்தம் இல்லை. கடைக்கு வரும் கணினிகளில் பல, எங்கிருந்தோ எடுத்த நாலு வரியை என்னவென்று பாராமல் ஒட்டியதால் கெட்டுப்போனவை.

எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் தாமிரபரணிக் கரையில் யாரும் முதல் வேலையாகப் பாபநாசம் அணைக்கு ஓடுவதில்லை. தன் மடை திறந்திருக்கிறதா, வாய்க்காலில் ஓட்டம் இருக்கிறதா, கால்வாயில் விட்டிருக்கிறார்களா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே மேலே போவார்கள். எந்த இடத்தில் நின்றுவிட்டது என்று தெரிந்த பிறகுதான் மண்வெட்டி. வைஃபையும் அப்படித்தான். கணினிக்குள் இருக்கும் அட்டை, அதை இயக்கும் டிரைவர், அட்டைக்குள் ஏற்றப்படும் ஃபர்ம்வேர், அலைவரிசையைப் பூட்டித் திறக்கும் ஆர்எஃப்கில், ரவுட்டரோடு கடவுச்சொல் பேசும் டபிள்யூபிஏ சப்ளிகன்ட், ரவுட்டரிடமிருந்து முகவரி வாங்கும் டிஹெச்சிபி, பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ். இந்த ஏழில் எது நின்றாலும் உங்கள் கண்ணுக்குத் தெரிவது "நெட் வரவில்லை" என்பது ஒன்றுதான்.

முதலில் கைப்பேசியை அதே வைஃபையில் சேர்த்துப் பாருங்கள். அதிலும் வரவில்லை என்றால் கணினியை விட்டுவிடுங்கள், கோளாறு ரவுட்டரிலோ கம்பியிலோ இருக்கிறது. கைப்பேசியில் வருகிறது என்றால் கணினியில் டெர்மினலை, அதாவது கட்டளை தட்டும் சாளரத்தை, திறந்து இதைத் தட்டுங்கள்:

என்எம்சிஎல்ஐ டிவைஸ் ஸ்டேட்டஸ்

வரும் பட்டியலில் "வைஃபை" என்ற வகையுள்ள வரியைத் தேடுங்கள். அந்த வரியே இல்லை என்றால் அட்டை, டிரைவர், ஃபர்ம்வேர் மூன்றில் ஒன்று. "அன்அவைலபிள்" என்று இருந்தால் பெரும்பாலும் பூட்டு. "அன்மேனேஜ்டு" என்றால் வேறொருவர் அட்டையைப் பிடித்து வைத்திருக்கிறார். "டிஸ்கனெக்டட்" என்றால் அட்டை நலமாக இருக்கிறது, சேர்வதில்தான் தகராறு. "கனெக்டட்" என்று சொல்லியும் பக்கம் திறக்கவில்லை என்றால் முகவரியோ பெயரோ. கீழே உள்ள பதில்கள் ஏறத்தாழ இந்த வரிசையில்தான் இருக்கின்றன. உங்களுடையது எதுவோ அங்கே நேராகப் போகலாம்.

வைஃபை என்ற வரியே வரவில்லை. அட்டை செத்துவிட்டதா?

அவசரப்பட வேண்டாம். "எல்எஸ்பிசிஐ", இடைவெளி, கழித்தல் குறி, கே என்று தட்டுங்கள். கணினிக்குள் பொருத்திய அட்டைகளின் பட்டியல் வரும். அதில் "நெட்வொர்க் கன்ட்ரோலர்" என்று ஒன்று இருந்தால் அட்டையை லினக்ஸ் பார்த்துவிட்டது. அதற்குக் கீழே "கெர்னல் டிரைவர் இன் யூஸ்" என்ற வரி இருக்கிறதா பாருங்கள். இல்லை என்றால் டிரைவர் ஏறவில்லை. யுஎஸ்பியில் செருகும் அட்டையாக இருந்தால் எல்எஸ்யுஎஸ்பி என்ற கட்டளையில் தெரியும்.

டிரைவர் இருந்தும் வேலை செய்யாவிட்டால் ஃபர்ம்வேரைச் சந்தேகப்படுங்கள். "சூடோ டிமெசேஜ்" (டி, எம், இ, எஸ், ஜி) தட்டினால் கெர்னல், அதாவது லினக்ஸின் உட்கரு, எழுதிய குறிப்புகள் ஓடும். ஃபர்ம்வேர் ஏற்ற முடியவில்லை என்று அதில் அழுதுகொண்டிருக்கும். பழைய டெபியனில் இது அன்றாடக் கதை. கட்டற்ற உரிமம் இல்லாத ஃபர்ம்வேரை நிறுவல் வட்டில் சேர்ப்பதில்லை என்று கொள்கையாகவே வைத்திருந்தார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் நிறுவல் வட்டிலேயே அவை இருக்கின்றன. பழைய பதிப்பில் மாட்டிக்கொண்டிருந்தால் இன்டெல் அட்டைக்கு "ஃபர்ம்வேர்-ஐடபிள்யூஎல்வைஃபை", ரியல்டெக்குக்கு "ஃபர்ம்வேர்-ரியல்டெக்", ஏதெரோஸுக்கு "ஃபர்ம்வேர்-ஏதெரோஸ்" என்ற பொதிகளை நிறுவ வேண்டும்.

பிராட்காம் அட்டைகளின் கதை வேறு. பிசிஎம்43142 போன்ற சிலவற்றுக்கு அந்த நிறுவனமே தரும் "டபிள்யூஎல்" டிரைவர் வேண்டும். உபுண்டுவிலும் மின்ட்டிலும் கூடுதல் டிரைவர்கள் என்ற சாளரத்தைத் திறந்தால் அதுவே கண்டுபிடித்துத் தரும். நிறுவியும் ஏறவில்லை என்றால் செக்யூர் பூட் குறுக்கே நிற்கும். நம் கணினியிலேயே தொகுக்கப்படும் டிரைவருக்கு நம்பகமான கையொப்பம் இராது, செக்யூர் பூட் அதை வாசலிலேயே நிறுத்திவிடும். நிறுவும்போது ஒரு கடவுச்சொல்லை உருவாக்கச் சொல்லும். மறுதொடக்கத்தில் நீலத் திரை ஒன்று வரும். அதில் சாவியைப் பதிவு செய்து அந்தக் கடவுச்சொல்லைத் தர வேண்டும். பலர் அந்த நீலத் திரையைப் பார்த்துப் பயந்து எதையோ அழுத்திக் கடந்துவிடுகிறார்கள். பிறகு எத்தனை முறை டிரைவரை நிறுவினாலும் பயனில்லை.

டிரைவர் இறக்க நெட் வேண்டும், நெட் வர டிரைவர் வேண்டும். என்ன செய்ய?

கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் கணினியில் இணையுங்கள். ஆண்ட்ராய்டு அமைப்புகளில் ஹாட்ஸ்பாட் பகுதிக்குப் போய் "யுஎஸ்பி டெதரிங்" என்பதை இயக்குங்கள். லினக்ஸ் அதைக் கம்பி இணைப்பாக எடுத்துக்கொள்ளும், தனி டிரைவர் எதுவும் வேண்டாம். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவான கம்பிகளில் இது நடக்காது.

"அன்அவைலபிள்" என்கிறது. வைஃபை பொத்தானை அழுத்தினாலும் மறுபடி அணைந்துவிடுகிறது.

ஆர்எஃப்கில் லிஸ்ட் என்று தட்டுங்கள். ஒவ்வொரு அலைவரிசைக் கருவிக்கும் இரண்டு பூட்டுகள் காட்டும். "சாஃப்ட் பிளாக்டு: எஸ்" என்றால் மென்பொருள் பூட்டு, சூடோ ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை என்றால் திறந்துவிடும். "ஹார்ட் பிளாக்டு: எஸ்" என்றால் வன்பொருள் பூட்டு, அதை எந்தக் கட்டளையாலும் திறக்க முடியாது. பழைய மடிக்கணினிகளில் முன்விளிம்பில் ஒரு சிறிய தள்ளுபொத்தான் இருக்கும், பையில் வைத்து எடுக்கும்போது நகர்ந்துவிடும். சிலவற்றில் எஃப்என் விசையோடு மேல்வரிசை விசை ஒன்றை அழுத்த வேண்டும். ஒருமுறை முக்கால் மணி நேரம் கட்டளையாகத் தட்டிவிட்டு, கடைசியில் சட்டைப் பொத்தான் அளவில் இருந்த அந்தத் தள்ளுபொத்தானைக் கண்டேன். அன்றிலிருந்து முதலில் விளிம்பைத் தடவிப் பார்க்கிறேன்.

பொத்தானே இல்லாத கணினியில் ஹார்ட் பிளாக் காட்டுகிறது என்றால் லெனோவோவின் ஐடியாபேட் வகை மடிக்கணினியா என்று பாருங்கள். அவற்றில் சில மாதிரிகளில் "ஐடியாபேட்_லேப்டாப்" என்ற கெர்னல் கூறு இல்லாத பொத்தானை இருப்பதாக எண்ணிப் பூட்டிவிடும். சூடோ மோட்புரோப், கழித்தல் குறி, ஆர், அந்தக் கூறின் பெயர் என்று தட்டி அதை இறக்கிப் பாருங்கள். வைஃபை வந்துவிட்டால் நிரந்தரமாகத் தடைப்பட்டியலில் சேர்த்துவிடலாம்.

"அன்மேனேஜ்டு" என்றால் என்ன?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. ஒரு மடைக்கு இரண்டு பேர் மண்வெட்டியோடு நின்றால் என்ன நடக்குமோ அதுதான் இங்கே நடக்கிறது. ஒருவர் திறக்க, மற்றவர் அடைப்பார்.

லினக்ஸில் வைஃபையை நிர்வகிக்க ஒரே வழி என்று இல்லை. நெட்வொர்க் மேனேஜர் 2004இல் ரெட் ஹேட் நிறுவனத்தில் தொடங்கியது. அதற்கு முன்பிருந்தே டெபியனில் "இன்டர்ஃபேசஸ்" என்ற கோப்பில் கையால் எழுதி வைக்கும் பழக்கம் உண்டு. சிஸ்டம்டி-நெட்வொர்க்டி, டிஹெச்சிபிசிடி, கான்மேன், விக்ட் என்று வேறு மேலாளர்களும் உண்டு. ஒவ்வொருவரும் தனியாக நல்லவர்கள். பழைய வழிகாட்டி ஒன்றைப் பார்த்து இடிசி அடைவுக்குள் நெட்வொர்க் அடைவில் இருக்கும் இன்டர்ஃபேசஸ் கோப்பில் உங்கள் அட்டையின் பெயரை எழுதினீர்கள் என்றால், டெபியன் வகைகளில் நெட்வொர்க் மேனேஜர் "இது என் பொறுப்பில்லை" என்று மரியாதையாக ஒதுங்கிவிடும். அதுதான் அன்மேனேஜ்டு. அந்தக் கோப்பில் "எல்ஓ" என்ற பெயருள்ள வரிகளை மட்டும் விட்டுவிட்டு, டபிள்யூஎல் என்று தொடங்கும் பெயருள்ள வரிகளின் முன்னால் # குறி போட்டு மறுதொடக்கம் செய்தால் சரியாகும்.

ஒதுங்காமல் மோதிக்கொள்வதும் உண்டு. இரண்டு மேலாளர்கள் ஒரே அட்டையை இழுக்கும்போது வைஃபை சேரும், பத்து விநாடியில் அறுபடும், மறுபடி சேரும். நெட்வொர்க் மேனேஜர் ஒரு பக்கம் டபிள்யூபிஏ சப்ளிகன்டை இயக்க, நீங்கள் ஏதோ வழிகாட்டியைப் பார்த்துத் தனியாக இன்னொரு சப்ளிகன்டைத் தொடக்கநிலைச் சேவையாகச் சேர்த்திருப்பீர்கள். சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் என்று தட்டி, பின்னால் ஒவ்வொரு பெயராகக் கொடுத்துப் பாருங்கள். இயங்கும் மேலாளர்களில் ஒருவரை வைத்துக்கொண்டு மற்றவரை சூடோ சிஸ்டம்சிடிஎல் டிஸேபிள் என்று வீட்டுக்கு அனுப்புங்கள். யாரை வைத்துக்கொள்வது என்று கேட்டால், மடிக்கணினிக்கு நெட்வொர்க் மேனேஜர். கிணற்று மோட்டார் அறையில் ஒரே வைஃபையோடு ஆண்டு முழுவதும் கிடக்கும் சிறிய கணினிக்கு நெட்வொர்க்டியும் போதும்.

ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 2023 அக்டோபரில் வந்த பதிப்பிலிருந்து அதன் இயங்குதளமும் நெட்வொர்க் மேனேஜருக்கு மாறிவிட்டது. அதற்கு முந்தைய வழிகாட்டிகள் டிஹெச்சிபிசிடியை நம்பி எழுதப்பட்டவை. அவற்றைப் பின்பற்றினால் கோப்பு மாறும், வைஃபை மாறாது. மேலும் அதில் நாடு எது என்று தேர்ந்தெடுக்கும் வரை வைஃபை பூட்டியே இருக்கும்.

சரியான கடவுச்சொல்லைத்தான் கொடுக்கிறேன். திரும்பத் திரும்பக் கேட்கிறது.

கடவுச்சொல்லைக் காட்டு என்ற சதுரத்தை முதலில் தட்டிப் பாருங்கள். தமிழில் தட்டச்சு செய்பவர்கள் விசைப்பலகையைத் தமிழ்99க்கு மாற்றிவிட்டு மறந்துவிடுவார்கள். புள்ளிகளாகத் தெரியும் இடத்தில் "கமலா" என்று விழுந்திருப்பது யாருக்குத் தெரியும்? மேலப்பாளையத்திலிருந்து ஓர் ஆசிரியை இரண்டு நாள் ரவுட்டரைத் திட்டிய கதை இதுதான்.

கடவுச்சொல் சரி என்றால், ரவுட்டரின் பாதுகாப்பு முறையைப் பாருங்கள். புதிய ரவுட்டர்கள் டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த முறையில் வருகின்றன. பழைய அட்டைகள் சில இந்தக் கலப்பில் தடுமாறும். ரவுட்டரில் டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்று மட்டும் வைத்துச் சோதியுங்கள். சிக்னல் மிகக் குறைவாக இருந்தாலும் ரவுட்டரோடு கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் கைகுலுக்கல் பாதியில் அறுந்து, கடவுச்சொல் தவறு என்றே செய்தி வரும். ரவுட்டர் இருக்கும் அறைக்கே போய் ஒருமுறை முயன்றால் இது தெளிந்துவிடும்.

கணினியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் கேட்கிறது, கொடுத்தால் சேர்கிறது என்றால் அது வேறு. கடவுச்சொல் உங்கள் சாவிக்கொத்தில், அதாவது கீரிங்கில் இருக்கிறது. கடவுச்சொல் இல்லாமல் தானாக உள்நுழையும்படி வைத்திருப்பதால் கொத்து பூட்டியே கிடக்கிறது. இணைப்பின் அமைப்பைத் திறந்து, கடவுச்சொல் பெட்டியின் ஓரத்தில் உள்ள சிறு படத்தைச் சொடுக்கி "எல்லாப் பயனர்களுக்கும்" என்று மாற்றுங்கள். அதன்பின் ரூட் என்ற நிர்வாகிக் கணக்கு மட்டும் படிக்கக்கூடிய கோப்பில் அது சேமிக்கப்படும்.

மின்சாரம் போய் வந்தால் கைப்பேசி தானாகச் சேர்கிறது. கணினி சேர்வதில்லை.

ஐப்பசி மழையில் இந்தக் கேள்வி தினமும் வரும். மின்சாரம் வந்ததும் ரவுட்டர் விழித்து முழுதாகச் செயல்பட ஓரிரு நிமிடம் பிடிக்கும். மின்கலத்தில் ஓடிக்கொண்டிருந்த மடிக்கணினியோ, ரவுட்டரின் பெயர் தெரிந்த கணமே சேர முயலும். முகவரி தர ரவுட்டர் இன்னும் தயாராக இராது. நெட்வொர்க் மேனேஜர் வழக்கமாக நான்கு முறை முயன்று தோற்றால் கொஞ்ச நேரம் ஓய்ந்துவிடும். நீங்கள் பார்ப்பது அந்த ஓய்வைத்தான். என்எம்சிஎல்ஐ கனெக்‌ஷன் மாடிஃபை, உங்கள் வைஃபையின் பெயர், கனெக்‌ஷன் புள்ளி ஆட்டோகனெக்ட்-ரீட்ரைஸ், கடைசியில் 0 என்று தட்டுங்கள். இங்கே பூஜ்யம் என்றால் "ஓயாமல் முயல்" என்று பொருள். ரவுட்டருக்கு ஒரு சிறிய யுபிஎஸ் வைத்தால் இந்தக் கட்டளையே தேவைப்படாது.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அறுபடுகிறது, அல்லது திடீரென்று நத்தையாகிறது.

முதல் சந்தேகம் மின்சேமிப்பு. உபுண்டுவும் மின்ட்டும் வைஃபை அட்டையை இடையிடையே உறங்கவிடும். இடிசி அடைவுக்குள் நெட்வொர்க்மேனேஜர் அடைவு (என், எம் இரண்டும் பெரிய எழுத்து, இதில் தவறுவோர் அதிகம்), அதற்குள் கான்ஃப் புள்ளி டி அடைவு. அங்கே "டீஃபால்ட்-வைஃபை-பவர்சேவ்-ஆன்" என்ற கோப்பில் வைஃபை புள்ளி பவர்சேவ் என்பதன் எதிரே 3 இருக்கும். 3 என்றால் சேமி, 2 என்றால் சேமிக்காதே. 2 ஆக்கிவிட்டு நெட்வொர்க் மேனேஜரை மறுதொடக்கம் செய்யுங்கள். மின்கலம் சற்று முன்னதாகத் தீரும், அவ்வளவுதான்.

இரண்டாவது நெரிசல். திருநெல்வேலி டவுண் ரதவீதிகளுக்குப் பின்னால் இருக்கும் வளவு ஒன்றில் எட்டுக் குடித்தனம் என்றால் எட்டு ரவுட்டர். என்எம்சிஎல்ஐ டிவைஸ் வைஃபை லிஸ்ட் என்று தட்டினால் எல்லாவற்றின் பெயரும், அலைவரிசை எண்ணும், சிக்னலும் தெரியும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இருப்பவை 1, 6, 11 ஆகிய மூன்றுதான். எட்டில் ஆறு ரவுட்டர் 6ஆம் எண்ணில் உட்கார்ந்திருந்தால் உங்களுடையதை 1க்கோ 11க்கோ நகர்த்துங்கள். 3, 4 என்று நடுவில் வைத்தால் இரு பக்கமும் இடிபடும். அட்டைக்கு 5 கிகாஹெர்ட்ஸ் தெரியும் என்றால் அங்கே போய்விடுவது இன்னும் நல்லது.

மூன்றாவதை யாரும் நினைப்பதில்லை. யுஎஸ்பி 3 வெளி வட்டு ஒன்றைச் செருகியவுடன் வைஃபை நொண்டுகிறதா? அதன் கம்பியிலிருந்து எழும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸில் விழும். இன்டெல் நிறுவனமே 2012இல் இதை அளந்து அறிக்கை வெளியிட்டது. வட்டைத் தள்ளி வையுங்கள். புளூடூத் காதணிக்கருவியும் அப்படித்தான்: பெரும்பாலான மடிக்கணினிகளில் புளூடூத்தும் வைஃபையும் ஒரே அட்டையில் இருப்பதால், 2.4இல் இருக்கும் வரை இரண்டும் முறைபோட்டுத்தான் பேசும்.

கைப்பேசிக்கு முழுச் சிக்னல். அதே இடத்தில் கணினிக்கு ஒரு கோடு.

கல்லிடைக்குறிச்சி அக்கிரகார வீடுகள் போலத் தார்சாவில், அதாவது முன்கூடத்தில், ரவுட்டர், நாலு கனத்த சுவர் தாண்டி அடுக்களையில் கணினி என்றால் யாரையும் குறைசொல்ல முடியாது. ரவுட்டரை நடுக்கட்டுக்குக் கொண்டுவாருங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் அந்தச் சுவர்களைத் தாண்டாது, அங்கே 2.4தான் கைகொடுக்கும்.

ரவுட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தும் ஒரு கோடு என்றால் ஆண்டெனா. ஆர்டிஎல்8723பிஇ என்ற ரியல்டெக் அட்டை உள்ள பல கணினிகளில் இரண்டு முனைகளில் ஒன்றில்தான் ஆண்டெனாக் கம்பி செருகியிருக்கும். டிரைவர் மற்ற முனையைக் கேட்டுக்கொண்டிருக்கும். இடிசி அடைவுக்குள் மோட்புரோப் புள்ளி டி அடைவில் ஒரு கோப்பு உருவாக்கி, "ஆப்ஷன்ஸ்", டிரைவரின் பெயர், "ஏஎன்டி_எஸ்இஎல்=2" என்று எழுதி மறுதொடக்கம் செய்யுங்கள். மாற்றம் இல்லை என்றால் 1 வைத்துப் பாருங்கள். இந்த ஒரு வரியால் குப்பைக்குப் போகவிருந்த கணினிகள் பிழைத்திருக்கின்றன.

அண்டைவீட்டு வைஃபை எல்லாம் தெரிகிறது, எங்கள் வீட்டுடையது மட்டும் தெரியவில்லை.

உங்கள் ரவுட்டர் 12 அல்லது 13ஆம் அலைவரிசையில் இருக்கும். இந்தியாவில் 13 வரை அனுமதி உண்டு, அமெரிக்காவில் வழக்கமாக 11 வரைதான் பயன்படுத்துவார்கள். அமெரிக்க விதியோடு வரும் அட்டையின் கண்ணில் 11க்கு மேலே உள்ளவை படாது. ஐடபிள்யூ ரெக் கெட் என்று தட்டினால் எந்த நாட்டு விதி என்று தெரியும். சூடோ ஐடபிள்யூ ரெக் செட் ஐஎன் என்றால் இந்தியா, ஐயும் என்னும் பெரிய எழுத்தில். அட்டைக்குள்ளேயே விதி எழுதப்பட்டிருந்தால் இதற்கு மசியாது. ரவுட்டரை 1, 6, 11 ஒன்றுக்கு மாற்றுவதுதான் சுலபம்.

ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஒலிபரப்ப, உங்கள் அட்டை 2.4 மட்டும் தெரிந்த பழையதாக இருந்தாலும் இதே நிலைதான். அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கியது. அந்தக் காலத்துக் கணினியை இன்னும் ஓட்டுபவர்கள் இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

"கனெக்டட்" என்கிறது. ஆனால் ஒரு பக்கமும் திறக்கவில்லை.

ஐபி ரூட் என்று தட்டுங்கள். "டீஃபால்ட் வயா" என்பதற்குப் பின்னால் வரும் எண்தான் உங்கள் ரவுட்டர். பிங் என்று தட்டி அந்த எண்ணைக் கொடுங்கள். நிறுத்த கன்ட்ரோலும் சி-யும். பதில் வந்தால் வீட்டுக்குள் எல்லாம் சரி. அடுத்து பிங் 8.8.8.8. இதற்குப் பதில் இல்லை என்றால் கோளாறு வீட்டுக்கு வெளியே. ஆடிக் காற்றில் எங்கோ கம்பி அறுந்திருக்கும், கணினியை நோண்ட வேண்டாம். இதற்கும் பதில் வந்து, தளத்தின் பெயரைக் கொடுத்தால் மட்டும் வரவில்லை என்றால் டிஎன்எஸ். இணைப்பின் ஐபிவி4 பகுதியில் டிஎன்எஸ் தானியங்கியை அணைத்து 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று எழுதுங்கள்.

ஆனால் அப்படி எழுதிய கணினியோடு ரயில் நிலையத்துக்கோ விடுதிக்கோ போனால் புதிய வம்பு வரும். அங்கே கைப்பேசி எண் கேட்டு ஒருமுறைக் கடவுச்சொல் அனுப்பும் நுழைவுப் பக்கம், அவர்களுடைய டிஎன்எஸ் வழியாகத்தான் பெரும்பாலும் திறக்கும். திரும்பத் தானியங்கிக்கு மாற்றி, விபிஎன் இருந்தால் அணைத்து, உலாவியில் ரவுட்டரின் எண்ணையே முகவரியாகக் கொடுத்துப் பாருங்கள். அப்போதும் சான்றிதழ் பிழை என்று வந்தால் கணினியின் தேதியைப் பாருங்கள். தாய்ப்பலகையில் இருக்கும் சிஆர்2032 பட்டன் செல் தீர்ந்த கணினிகள் பழைய ஆண்டுக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

வீட்டு வைஃபையில்தான் இருந்தேன். கைப்பேசியின் டேட்டா தீர்ந்துவிட்டது!

கைப்பேசியைக் கம்பியில் செருகி, டெதரிங்கை அணைக்க மறந்திருப்பீர்கள். நெட்வொர்க் மேனேஜர் கம்பி இணைப்புக்கு 100, வைஃபைக்கு 600 என்று எடை வைக்கிறது. எண் குறைந்ததே முதல் பாதை. கைப்பேசி கம்பி இணைப்பு என்ற பெயரில் முன்னால் வந்துவிடுகிறது.

கல்லூரி வைஃபையில் பயனர்பெயரும் கேட்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?

பாதுகாப்பு: டபிள்யூபிஏ2 என்டர்பிரைஸ். முறை: பெரும்பாலும் பிஇஏபி, உள்முறை எம்எஸ்சாப்வி2. உபுண்டு 22.04க்கு மாறிய பிறகு திடீரென்று சேரவில்லை என்றால், அதில் வந்த ஓபன்எஸ்எஸ்எல் 3 பழைய வழங்கிகளோடு பேச மறுக்கிறது. வழங்கியைப் புதுப்பிக்கக் கல்லூரிக்காரர்களிடம் கேளுங்கள்.

"சிஏ சான்றிதழ் வேண்டாம்" என்ற சதுரத்தைத் தட்டினால் உடனே சேர்ந்துவிடும் என்று எல்லாரும் சொல்லித் தருகிறார்கள். அதே பெயரில் ஒரு போலி ரவுட்டரை யாராவது பக்கத்து அறையில் வைத்தால் உங்கள் கணினி அதனிடமும் உள்நுழைய முயலும் என்பதைச் சொல்வதில்லை. சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.

மடிக்கணினியை மூடித் திறந்தால் வைஃபை காணாமல் போகிறது.

சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் நெட்வொர்க்மேனேஜர். வரவில்லை என்றால் டிரைவரை இறக்கி ஏற்றுங்கள்: சூடோ மோட்புரோப், கழித்தல் குறி, ஆர், டிரைவரின் பெயர் என்று இறக்கி, சூடோ மோட்புரோப், டிரைவரின் பெயர் என்று மட்டும் தட்டி ஏற்ற வேண்டும். இன்டெல் அட்டையில் ஐடபிள்யூஎல்எம்விஎம் முதலில் இறங்க வேண்டும், பிறகு ஐடபிள்யூஎல்வைஃபை.

நேற்றுவரை நன்றாக இருந்தது, இன்று புதுப்பித்ததும் போய்விட்டது.

கணினி தொடங்கும்போது ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் விசையை அழுத்தி, "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்" என்பதில் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். அதில் வைஃபை வந்தால், புதிய கெர்னலுக்கு உங்கள் தனி டிரைவர் தொகுக்கப்படவில்லை என்று பொருள். மீண்டும் நிறுவுவதற்குள் பழையதிலேயே ஓட்டலாம்.

யுஎஸ்பி வைஃபை ஒன்று வாங்கிவிடலாம் என்றிருக்கிறேன். எது?

பெட்டியின் மேலே உள்ள பெயரைப் பார்க்காதீர்கள், உள்ளே இருக்கும் சில்லை (சிப்) கேளுங்கள். ஒரே பெயர், ஒரே படம், உள்ளே சில் மட்டும் மாறிவிடும். மீடியாடெக் எம்டி7601யு 2015இன் கெர்னல் 4.2 முதலே உள்ளே இருக்கிறது, 2.4 மட்டும் போதும் என்றால் அது நல்லது. எம்டி7612யு இரு அலைவரிசைக்கும் ஏற்றது. ஆர்டிஎல்8821சியு வகைக்கு கெர்னல் 6.2 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். முந்தையதில் ஊர்பேர் தெரியாத டிரைவரைத் தொகுத்து மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். சில கருவிகள் செருகியவுடன் விண்டோஸ் டிரைவர் உள்ள குறுந்தகடாகத் தங்களைக் காட்டிக்கொள்ளும். அந்த வட்டை "வெளியேற்று" என்று சொன்னால் வைஃபையாக மாறுவதுண்டு; இல்லை என்றால் யுஎஸ்பி-மோட்ஸ்விட்ச் என்ற பொதி அந்த வேலையைச் செய்யும்.

இத்தனையும் பார்த்தாயிற்று, சரியாகவில்லை. அழைக்கலாமா?

அழையுங்கள். என்எம்சிஎல்ஐ டிவைஸ் ஸ்டேட்டஸ் என்ன சொன்னது, எல்எஸ்பிசிஐயில் அட்டையின் பெயர் என்ன, ஆர்எஃப்கில்லில் எந்தப் பூட்டு, இந்த மூன்றையும் தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். முடிந்தால் "ஜர்னல்சிடிஎல்", கழித்தல் யு, நெட்வொர்க்மேனேஜர், கழித்தல் பி என்று தட்டி, கடைசி இருபது வரியைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்புங்கள். இதுவரை எதையெல்லாம் மாற்றினீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், திட்ட மாட்டேன். கடைக்கே வருவதாக இருந்தால் ரவுட்டரைச் சுமந்துகொண்டு வர வேண்டாம். சார்ஜரை எடுத்து வாருங்கள்.